வேஃபர் ஆலையின் காற்றும் குளிர்நீரும்: புதிதாகப் பணியில் சேர்வோருக்கான வழிகாட்டி

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் வட்டாரங்களில் இயங்கும் வேஃபர் ஆலைகளில் (மின்னணுச் சில்லுகள் உருவாக்கப்படும் மெல்லிய சிலிக்கான் வட்டே வேஃபர்), காற்றையும் குளிர்நீரையும் பார்த்துக்கொள்ளும் பிரிவில் புதிதாகச் சேர்வோருக்காக இதை எழுதுகிறேன். ஐடிஇயிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ படித்துவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். ஊரில் ஐடிஐ முடித்து, சில ஆண்டுகள் ஏசி வேலை பார்த்துவிட்டுச் சிங்கப்பூர் வருபவர்களும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் நீரைக் குளிர்விக்கும் சில்லர் தெரியும், பம்பு தெரியும், காற்றைக் குளிர்வித்து அனுப்பும் ஏஎச்யூ தெரியும். ஆனாலும் அலுவலகக் கட்டடத்தில் படிந்த பழக்கத்தோடு ஆலைக்குள் வந்தால் முதல் சில வாரங்கள் திணறலாகவே இருக்கும். அங்கே மனிதருக்காகக் குளிரூட்டினோம். இங்கே வேஃபருக்காகக் குளிரூட்டுகிறோம்.

அந்த வேறுபாட்டின் அளவை ஓர் எண்ணால் உணரலாம். சிலிக்கான் ஒரு டிகிரி சூடேறினால் பத்து லட்சத்தில் 2.6 பங்கு விரியும். 300 மில்லிமீட்டர் வேஃபரின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை கணக்கிட்டால் அது ஏறத்தாழ 780 நானோமீட்டர். வேஃபரின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடப்படும் அடுக்குகளோ சில நானோமீட்டர்களுக்கு மேல் விலகக்கூடாது. ஒளிவழி அச்சிடும் லித்தோகிராஃபி பகுதியில் வெப்பநிலையை 0.1 டிகிரிக்குள் பிடித்து வைக்கச் சொல்வது இதனால்தான். 1902ஆம் ஆண்டில் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் வடிவமைத்த முதல் குளிரூட்டும் அமைப்பும் ஓர் அச்சகத்துக்காகவே உருவானது. ஈரப்பதம் மாறியதால் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாகப் பொருந்தாமல் போனது. நம் தொழில் பிறந்ததே அடுக்குகள் விலகாமல் காக்கும் வேலையில்தான் என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இனிச் சொல்லப்போகும் வரிசையில் கற்றுக்கொள்ளுங்கள். சில்லர் அறையில் தொடங்காமல் காற்று போகும் வழியே நடந்து போவது நல்லது. அப்படிப் போனால் குளிர்நீர் எதற்குத் தேவைப்படுகிறது என்பது தானாக விளங்கும்.

முதலில் வெளிக்காற்றை அறிந்துகொள்ளுங்கள்

சிங்கப்பூரில் ஒரு வழக்கமான பிற்பகலை எடுத்துக்கொள்வோம்: 32 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காடு. இந்தக் காற்றில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 19.6 கிராம் நீராவி இருக்கிறது. வேஃபர்களைக் கையாளும் தூசற்ற தூய்மை அறைக்குள் நாம் வைத்திருக்க வேண்டிய நிலையை 22 டிகிரி, 45 விழுக்காடு என்று கொண்டால், அங்கே ஒரு கிலோ காற்றில் 7.4 கிராம்தான் இருக்கலாம். ஆகவே உள்ளே விடும் ஒவ்வொரு கிலோ காற்றிலிருந்தும் 12 கிராமுக்குச் சற்று மேலாக நீரைப் பிழிந்தெடுக்க வேண்டும். மணிக்கு 1,00,000 கனமீட்டர் காற்றை இழுக்கும் ஓர் எந்திரத்துக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள்: மணிக்கு ஏறத்தாழ 1,350 லிட்டர் தண்ணீர். அந்தக் காற்றைக் குளிர்விக்க ஏறக்குறைய 480 ஆர்டி (குளிர்பதன டன்) குளிர்த்திறன் வேண்டும். அதில் பாதிக்கு மேல் நீராவியைத் தண்ணீராக்குவதற்கே செலவாகிறது. ஓர் ஆர்டி என்பது 3.517 கிலோவாட்.

இங்கே பனிநிலை என்ற அளவை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள நீராவி தண்ணீராகப் படியத் தொடங்குமோ, அதுவே அக்காற்றின் பனிநிலை. தேக்காவில் வாங்கிய குளிர்ந்த எலுமிச்சைச் சாற்றுக் குவளையின் வெளிப்புறம் இரண்டு நிமிடத்தில் வியர்ப்பது, குவளையின் மேற்பரப்பு வெளிக்காற்றின் பனிநிலைக்குக் கீழே இருப்பதால்தான். நாம் எடுத்துக்கொண்ட வெளிக்காற்றின் பனிநிலை ஏறத்தாழ 24.6 டிகிரி, தூய்மை அறைக் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 9.5 டிகிரி. இந்த இரண்டு எண்களும் மனப்பாடமாக இருக்கட்டும். ஆலையில் நீங்கள் சந்திக்கப்போகும் சிக்கல்களில் பெரும்பகுதியை இவற்றைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

புதியவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி: "அண்ணே, மழை பெஞ்சு வெளியே குளிர்ந்திருச்சே, லோடு குறையணும்தானே?" இடிமழைக்குப் பின் வெளி வெப்பநிலை 25 டிகிரிக்கு இறங்கும், உண்மைதான். ஆனால் ஒப்பு ஈரப்பதம் 95 விழுக்காட்டுக்கு ஏறிவிடும். பனிநிலை முன்பிருந்த அளவிலேயே ஏறத்தாழ நிற்கும். காற்றைச் சில டிகிரி குளிர்விக்கும் சுமைதான் குறைகிறது. நீரைப் பிழியும் சுமை அப்படியே இருக்கிறது. குளிர்காலம் உள்ள நாடுகளின் ஆலைகளில் ஆண்டில் சில மாதங்கள் காற்றைச் சூடாக்கி ஈரம் சேர்ப்பார்கள். நமக்கு ஆண்டு முழுவதும் ஒரே வேலைதான், ஈரத்தை அகற்றுவது.

எம்ஏயூவுக்குள் ஒரு நடை

வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும் எந்திரத்தை எல்லோரும் எம்ஏயூ என்றே சொல்வார்கள். பெரிய ஆலைகளில் இது ஒரு பேருந்தைவிட நீளமாக இருக்கும். உள்ளே நின்றுகொண்டு வேலை பார்க்கலாம். நிறுத்திப் பூட்டிய ஒரு நாளில் மூத்த ஊழியர் ஒருவருடன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கட்டாயம் நடந்து பாருங்கள். வரைபடத்தைப் பத்து முறை படிப்பதைவிட இது அதிகம் கற்றுத்தரும்.

முதலில் வருவது முன்வடிகட்டி, அதன்பின் நடுத்தர வடிகட்டி. பூச்சி, தூசு, புகைத்துகள் எல்லாம் இங்கே நிற்கும். 2013 ஜூன் 21 அன்று புகைமூட்டத்தால் மூன்று மணி நேரக் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டது போன்ற நாட்களில் இந்த வடிகட்டிகள் வழக்கத்தைவிட மிக விரைவாக அடைபடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் தொடங்குமுன் உதிரி வடிகட்டிகளின் இருப்பைச் சரிபார்ப்பது இதனால்தான். வடிகட்டியின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் காட்டும் வட்ட அளவி எந்திரத்தின் உடலிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அதைப் படிக்கும்போது விசிறியின் வேகத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். விசிறி மெதுவாக ஓடும்போது, அடைபட்ட வடிகட்டிகூட நல்ல எண்ணைக் காட்டும்.

அடுத்து வருபவை குளிர்நீர் ஓடும் சுருள்குழாய்களான காயில்கள். பல ஆலைகளில் இவை இரண்டு. முதல் காயிலில் 12 முதல் 14 டிகிரி நீர் ஓடி, வெளிக்காற்றைப் பாதிவழி குளிர்விக்கும். இரண்டாவதில் 5 முதல் 7 டிகிரி நீர் ஓடி, காற்றைப் பனிநிலை 9.5 டிகிரிக்கு அருகில் கொண்டுவரும். ஒரே காயிலில் முழு வேலையையும் முடிக்கலாமே என்று தோன்றும். ஆனால் சில்லர் தரும் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் அதன் மின்செலவு ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு குறைகிறது. மிகக் குளிர்ந்த நீரை அது உண்மையில் தேவைப்படும் இடத்துக்கு மட்டும் அனுப்புவதே இந்தப் பிரிவின் நோக்கம்.

காயிலின் கீழே ஒரு தட்டும், அதிலிருந்து இறங்கும் வடிகுழாயில் வளைந்த ஒரு நீர்ப்பூட்டும் இருக்கும். இந்த எளிய வளைவுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். காயில் பகுதி விசிறியின் உறிஞ்சும் பக்கத்தில் இருந்தால் உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைவு. நீர்ப்பூட்டில் தண்ணீர் இல்லாமல் போனாலோ அதன் உயரம் போதாமல் இருந்தாலோ, வெளிக்காற்று அந்தக் குழாய் வழியே மேலேறி, வடிய வேண்டிய நீரைத் தட்டிலேயே நிறுத்திவிடும். பின்னர் தட்டு நிரம்பி, துளிகள் காற்றோடு பறந்து அடுத்த வடிகட்டியை நனைக்கும். மணிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் வடியும் இடத்தில் இது நிகழ அதிக நேரம் பிடிக்காது. கண்காணிப்புச் சாளரத்தில் டார்ச் அடித்துத் தட்டின் நீர்மட்டத்தையும் வடிகுழாய் வாயில் நீர் சீராக ஓடுவதையும் ஒவ்வொரு சுற்றிலும் பாருங்கள். வடியும் இந்தத் தண்ணீர் குளிர்ந்தது, தாது உப்பு மிகக் குறைந்தது. அதனால் பல ஆலைகள் இதைச் சேகரித்து, சில்லரின் சூட்டை வெளிக்காற்றில் விடும் கூலிங் டவருக்கு அனுப்புகின்றன.

அதன்பின் காற்றைச் சற்றுச் சூடேற்றும் காயில், விசிறி, வாயுக்களைப் பிடிக்கும் வேதி வடிகட்டி, மிக நுண்ணிய துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி ஆகியவை வரும். இவற்றின் வரிசை ஆலைக்கு ஆலை மாறும். வேதி வடிகட்டியை அலட்சியமாக நினைக்காதீர்கள். தூசு வடிகட்டிகள் வாயுவைத் தடுக்காது. லித்தோகிராஃபியில் பயன்படும் ஒளியுணர் பூச்சின் மேற்பரப்பில் உருவாகும் அமிலத்தை, காற்றில் நூறு கோடியில் சில பங்கு அம்மோனியா இருந்தாலே அது நடுநிலையாக்கிவிடும், கோடுகள் உருக்குலையும். சாதாரணத் தரை துடைக்கும் திரவம் ஒன்றை எம்ஏயூவின் காற்று நுழைவாயிலருகே பயன்படுத்தக்கூடாது என்ற விதிக்குக் காரணம் இதுவே.

அறைக்குள் சுழலும் காற்று

எம்ஏயூ தரும் காற்று, அறைக்குள் சுழலும் மொத்தக் காற்றில் ஒரு சிறு பகுதிதான். பெரும்பகுதி உள்ளேயே சுற்றுகிறது. கூரையிலுள்ள எஃப்எஃப்யூ என்னும் விசிறி வடிகட்டிகள் காற்றைக் கீழே தள்ளும்; அது துளையிட்ட உயர்தளத்தின் வழியாக இறங்கி, பக்கவாட்டு வெளியில் மேலேறி, மீண்டும் கூரைக்கு வரும். காற்று வினாடிக்கு 0.4 மீட்டர் வேகத்தில் இறங்கினால், 4 மீட்டர் உயர அறையில் பத்தே வினாடிகளில் தரையை அடைந்துவிடும். ஐஎஸ்ஓ 5ஆம் வகுப்பு அறை என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் 0.5 மைக்ரான் அல்லது அதற்கு மேற்பட்ட துகள்கள் 3,520ஐத் தாண்டக்கூடாது. தளத்தின் துளைத் தகடு ஒன்றை நீங்கள் மாற்றி வைத்தாலே அந்த இடத்தின் காற்றோட்டம் திரும்பும். அனுமதியின்றி ஒரு தகட்டையும் நகர்த்தாதீர்கள்.

காற்று மேலேறும் வழியில் டிசிசி என்னும் உலர் காயில்கள் நிற்கின்றன. எந்திரங்களும் விசிறிகளும் வெளியிடும் சூட்டை இவை எடுக்கும். உலர் காயில் என்ற பெயருக்கேற்ப இவற்றில் ஒரு துளிகூட நீர் படியக்கூடாது. பல இடங்களில் இவற்றின் கீழே வடிதட்டே இருக்காது. இவற்றுக்கு 12 முதல் 14 டிகிரி நீரை அனுப்புவதும் அதற்காகவே, ஏனெனில் அறையின் பனிநிலை 9.5 டிகிரி. 12 முதல் 14 டிகிரி நீரும் 5 முதல் 7 டிகிரி நீரும் தனித்தனிக் குழாய் வளையங்களில் ஓடுகின்றன; யாராவது இவ்விரு வளையங்களுக்கும் இடையிலுள்ள இணைப்பு வால்வைத் தவறுதலாகத் திறந்து, 6 டிகிரி நீரை டிசிசிக்கு விட்டால், தூய்மை அறையின் காற்றுப் பாதையிலேயே மழை பெய்யும். ஒரு வளையத்தின் வால்வைத் தொடுமுன் அது எந்த வளையம், எந்த வெப்பநிலை என்று குழாயின் பட்டையைப் படித்து, வாக்கி-டாக்கியில் உரக்கச் சொல்லி, கட்டுப்பாட்டறையிடமிருந்து மறுமொழி பெற்ற பிறகே திருப்புங்கள்.

குளிர்நீர், கூலிங் டவர், பிசிடபிள்யூ

சில்லர்களைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். இரண்டு வெப்பநிலை வளையங்களுக்கும் தனித்தனி சில்லர்கள், ஒன்று நின்றால் தாங்க ஒன்று கூடுதலாக, மின்னழுத்தம் ஒரு நொடி தாழ்ந்தாலும் மீண்டும் ஓடத் தொடங்கும் ஒழுங்கு ஆகியவை இருக்கும். மின்னழுத்தம் தாழ்ந்த பின் எந்த சில்லர் எந்த வரிசையில் எழும் என்பதை உங்கள் ஆலையின் ஆவணத்தில் படித்து மனத்தில் வையுங்கள். சில்லர் மீண்டும் முழுத் திறனுக்கு வரும் வரை தொட்டியிலும் குழாய்களிலும் உள்ள குளிர்நீர்தான் ஆலையைத் தாங்குகிறது.

கூலிங் டவரில் இழக்கும் நீருக்கு ஈடாகப் பல ஆலைகள், கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீரை (நியூவாட்டர்) பயன்படுத்துகின்றன. 2003ஆம் ஆண்டு முதல் பொதுப் பயனீட்டுக் கழகம் வழங்கும் புதுநீரின் முக்கியமான பயனாளர்களில் வேஃபர் ஆலைகளும் அடங்கும். டவர் நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும் அபாயம் இருப்பதால், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் விதிகளின்படி நீரைச் சோதித்து, டவரைச் சுத்தம் செய்து, பதிவுகளை வைத்திருக்க வேண்டும். டவரின் சாரல் முகத்தில் படும் தூரத்தில் முகக்கவசமின்றி நிற்காதீர்கள்.

பிசிடபிள்யூ என்பது எந்திரங்களுக்குள்ளேயே ஓடி அவற்றின் சூட்டை எடுக்கும் மூடிய வளையம். இதன் நீர் பெரும்பாலும் 18 டிகிரி அளவில் இருக்கும். தூய்மை அறைக்குள் இந்தக் குழாய் வியர்க்காது. அதே குழாய் வெளிக்காற்று புகும் எந்திர அறைக்குள் போனால், பனிநிலை 24.6 டிகிரி என்பதால் வியர்க்கும். குளிர்நீர்க் குழாய்களின் இன்சுலேஷனில் உள்ள நீராவித் தடுப்பு உறை விரல்நுனி அளவு கிழிந்தாலும் போதும். அந்தக் கிழிசல் வழியே நீராவி உள்ளே போய்க் குழாயின் மேல் தண்ணீராகும், நுரைப்பஞ்சு ஊறும், குழாய் துருப்பிடிக்கும், வெளியே முதலில் தெரிவது கருமையான ஒரு திட்டு மட்டுமே. உறையை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள பகுதியைவிட ஓரிடம் சில்லென்றும் மெத்தென்றும் இருந்தால் உள்ளே நீர் ஊறியிருக்கிறது. அதன் மேல் ஒட்டுநாடாவைச் சுற்றினால் நீர் உள்ளேயே அடைபடும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, குழாயை உலர்த்தி, புதிதாகப் போடுவதே சரியான வேலை.

வெளியேறும் காற்றும் அறையின் அழுத்தமும்

எந்திரங்களிலிருந்து அமிலக் காற்று, காரக் காற்று, கரைப்பான் ஆவி, வெறும் சூடான காற்று என நான்கு வகை எக்ஸாஸ்ட் தனித்தனிக் குழாய்களில் போகும். அமிலமும் காரமும் நீரால் கழுவும் ஸ்கரப்பருக்கும், கரைப்பான் ஆவி எரித்தழிக்கும் அமைப்புக்கும் போகின்றன. இவை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

எம்ஏயூ எவ்வளவு காற்றைக் கொண்டுவர வேண்டும் என்பதை எக்ஸாஸ்டே தீர்மானிக்கிறது. வெளியேறும் காற்றும், அழுத்தத்தைத் தாங்கக் கசியவிடும் காற்றும் சேர்ந்ததே உள்ளே வரவேண்டிய அளவு. மேலே கண்ட கணக்கின்படி, மணிக்கு 1,000 கனமீட்டர் எக்ஸாஸ்ட் கூடினால் நம் நாட்டில் ஏறத்தாழ 4.8 ஆர்டி குளிர்த்திறன் கூடுதலாக வேண்டும். புதிய எந்திரம் இணைக்கும் குழுவிடம் எக்ஸாஸ்ட் அளவை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். பயன்படாமல் திறந்து கிடக்கும் பழைய கிளைக்குழாயின் டேம்பரை (காற்றைத் தடுக்கும் தகடு) கண்டால் உடனே தெரிவியுங்கள். ஆண்டு முழுவதும் இரவு பகலாக வீணாகும் குளிர் அது.

தூய்மை அறையின் அழுத்தம் பக்கத்து அறையைவிட 5 முதல் 20 பாஸ்கல் வரை கூடுதலாக இருக்கும். 2 சதுர மீட்டர் கதவின் மேல் 15 பாஸ்கல் என்றால் 30 நியூட்டன், அதாவது மூன்று கிலோ எடையின் தள்ளுவிசை. தூய்மை அறைப் பக்கமாகத் தள்ளித் திறக்கும் கதவு திடீரென்று வழக்கத்தைவிடக் கனத்தால் எக்ஸாஸ்ட் விசிறி ஒன்று நின்றிருக்கலாம். இலேசாகத் திறந்தால் எம்ஏயூ ஒன்று நின்றிருக்கலாம். திரையில் எச்சரிக்கை வருமுன்னே கைக்குத் தெரிந்துவிடுவதும் உண்டு.

ஈரப்பத எச்சரிக்கை வந்தால்

இதைத்தான் நீங்கள் அதிகம் எதிர்கொள்வீர்கள். ஒப்பு ஈரப்பதம் ஏறிவிட்டது என்று திரை சிவந்தவுடன் எம்ஏயூவுக்கு ஓடாதீர்கள். முதலில் அதே இடத்தின் வெப்பநிலையைப் பாருங்கள். காற்றிலுள்ள நீர் மாறாமலே 22 டிகிரி 21ஆக இறங்கினால், 45 விழுக்காடு ஏறத்தாழ 48 ஆகிவிடும். பனிநிலை மாறாமல் இருந்தால் சிக்கல் வெப்பநிலையில் இருக்கிறது. டிசிசி வால்வைப் போய்ப் பாருங்கள்.

பனிநிலையும் ஏறியிருந்தால், அது ஒரே உணரியில் மட்டுமா, பக்கத்து உணரிகளிலுமா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் கையளவியை எடுத்துக்கொண்டு போய் ஒப்பிடுங்கள். எல்லாவற்றிலும் என்றால் எம்ஏயூக்களை விட்டு வெளியேறும் காற்றின் பனிநிலையை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஏறியிருக்கும் எந்திரத்தில் குளிர்நீர் வால்வு முழுதாகத் திறந்தும் பனிநிலை இறங்கவில்லை என்றால் குறை நீரின் பக்கம்: வரும் நீரின் வெப்பநிலை, ஸ்ட்ரெய்னர் (குழாயிலுள்ள நீர் வடிகட்டி) அடைப்பு, பம்பு, குழாயில் தங்கிய காற்று ஆகியவற்றைச் சோதியுங்கள். வால்வு பாதி திறந்த நிலையிலேயே நிற்கிறது என்றால் குறை கட்டுப்பாட்டின் பக்கம். திரை 100 விழுக்காடு என்று காட்டினாலும், வால்வின் தண்டு உண்மையில் திரும்பியிருக்கிறதா என்று நேரில் போய்க் கண்ணால் பாருங்கள்; மோட்டார் சுற்றி, தண்டு சுற்றாமல் நழுவுவது உண்டு.

எல்லா எம்ஏயூவும் சரியாக இருந்தும் பனிநிலை ஏறினால், அறைக்குள் வேறு வழியில் ஈரம் வருகிறது: அழுத்தம் குறைந்து வெளிக்காற்று புகுந்திருக்கலாம், அல்லது எங்கோ நீர் கசிந்திருக்கலாம்.

உயிரைக் காக்கும் ஒழுங்கு

நின்றுபோன விசிறியை நின்றுவிட்டது என்று நம்பாதீர்கள். ஒரே அறைக்குள் பல விசிறிகள் இணையாக ஓடும்போது, மின்சாரம் துண்டித்த விசிறியை மற்றவற்றின் காற்று பின்னோக்கிச் சுழற்றும். உங்கள் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியை உங்கள் பையில் வைத்து, சுழற்சி நின்றதைக் கண்ணால் கண்ட பிறகே கை வையுங்கள். டவர் தொட்டி, பெரிய டக்ட் போன்றவற்றுக்குள் செல்வதற்கு மனிதவள அமைச்சின் விதிகளின்படி தனி அனுமதி, வாயுச் சோதனை, வெளியே நிற்கும் காவலாள் எல்லாம் வேண்டும். அவசரம் என்று மேலாளரே சொன்னாலும் இவை இல்லாமல் உள்ளே போக வேண்டியதில்லை.

தூய்மை அறைக்குக் கீழுள்ள சப்-ஃபேப் தளத்தில் இன்னொரு ஒழுங்கு உண்டு. இவ்வளவு நேரம் குளிர்ந்த குழாயில் படியும் நீரைப் பற்றியே பேசியதால், கீழே ஒரு துளியைக் கண்டவுடன் குழாய் வியர்த்திருக்கிறது என்று எண்ணத் தோன்றும். அதே தளத்தில் அமில எக்ஸாஸ்ட் குழாய்களும் ஓடுகின்றன. அவற்றின் உள்ளே படிந்து இணைப்பு வழியே சொட்டும் திரவத்தில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கலாம். அது பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே எரிச்சல்கூடத் தெரியாது, சில மணி நேரம் கழித்தே வலி தொடங்கும், அதற்குள் ஆழமாக ஊடுருவிவிடும். எந்தத் துளியையும் தொடாதீர்கள், துடைக்காதீர்கள். அந்த இடத்தை மறித்து, தலைக்கு மேல் எந்தக் குழாய் போகிறது என்று பட்டையைப் படித்து, அவசர உதவிக் குழுவை அழையுங்கள். உடலில் பட்டுவிட்டதாகச் சிறிது ஐயம் இருந்தாலும் உடனே தண்ணீரில் கழுவி, கால்சியம் குளூகோனேட் களிம்பைத் தடவிக்கொண்டு மருத்துவ உதவிக்குச் செல்லுங்கள். அந்தக் களிம்பு எந்தப் பெட்டியில், எந்தத் தூணருகே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை முதல் நாளிலேயே ஒருவரிடம் கேட்டு, நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.